குழந்தையின் பேச்சைக் குறித்து வைப்பது எப்படி

குழந்தை முதன்முதலாகச் சொன்ன சொல் எது என்று கேட்டால் பெரும்பாலான பெற்றோர் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். பத்தாவது சொல் எது, இரண்டு சொற்களை எப்போது முதலில் சேர்த்தது, 'இல்லை' என்பதை எந்தெந்தப் பொருளில் ஆண்டது என்று கேட்டால் யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஒரு மனித உயிருக்குள் மொழி எப்படி உருவாகிறது என்பதைக் காட்டுபவை இந்த இரண்டாம் வகைச் செய்திகளே. அவை வீட்டில் நாள்தோறும் நிகழ்கின்றன, சில வாரங்களில் மறந்தும் போகின்றன. அவற்றைப் பிடித்து வைக்க ஒரு குறிப்பேடும் தினமும் சில நிமிடங்களும் போதும். அந்தக் குறிப்பேட்டை எப்படித் தொடங்குவது, எந்த வயதில் எதைக் கவனிப்பது, எழுதியதை வைத்து என்ன செய்வது என்பவற்றை இங்கே விளக்குகிறேன்.

இது புதிய வழக்கமன்று. சார்லஸ் டார்வின் 1839-இல் பிறந்த தம் மூத்த மகனைப் பற்றி எழுதி வைத்திருந்த குறிப்புகளை 1877-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். ஒரு வயது நிறைந்த வேளையில் அந்தக் குழந்தை உணவைக் குறிக்க 'மம்' என்ற சொல்லைத் தானே உண்டாக்கிக்கொண்டதையும், அதைக் கேள்வி கேட்கும் குரலேற்றத்தோடு சொன்னதையும் அதில் பதிவு செய்திருக்கிறார். ஜெர்மனியில் கிளாரா ஸ்டெர்னும் அவர் கணவர் வில்லியம் ஸ்டெர்னும் தங்கள் மூன்று குழந்தைகளின் பேச்சையும் ஆண்டுக்கணக்கில் குறித்து வந்தார்கள். 1907-இல் அவர்கள் வெளியிட்ட நூல் குழந்தைமொழி ஆய்வின் அடித்தளங்களுள் ஒன்றானது. வெர்னர் லியோபோல்டு என்ற மொழியியலாளர் ஆங்கிலமும் ஜெர்மனும் கேட்டு வளர்ந்த தம் மகளின் பேச்சை நான்கு தொகுதிகளாக 1939-க்கும் 1949-க்கும் இடையில் பதிப்பித்தார். ஒலிப்பதிவுக் கருவிகள் பரவுவதற்கு முன்பு இந்தத் துறையின் அறிவில் பெரும்பகுதி இப்படிப்பட்ட வீட்டுக் குறிப்பேடுகளிலிருந்தே வந்தது.

ஆய்வுக்குப் பயன்படுவதைவிட இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றும் பயன் வேறொன்று. குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும்போது பெரியவர் முதலில் வாயை மூடிக் காது கொடுக்கிறார். அப்படிக் கேட்பவரின் பதிலும் மாறுகிறது. அந்தப் பதில்தான் குழந்தையின் மொழியை வளர்க்கிறது.

எழுதும் முறை

ஒவ்வொரு குறிப்பிலும் தேதி, குழந்தையின் வயது, குழந்தை சொன்ன வடிவம், அப்போது நடந்துகொண்டிருந்தது, அதற்கு முன் பெரியவர் சொன்னது, குழந்தை என்ன பொருளில் சொன்னது என்று நீங்கள் கருதுவது ஆகியவை இருக்க வேண்டும். வயதை ஆய்வாளர்கள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவார்கள்; ஒரு வயது ஆறு மாதம் பன்னிரண்டு நாள் என்றால் 1;6.12. இந்த முறையைப் பின்பற்றினால் பின்னாளில் குறிப்புகளை ஒப்பிடுவது எளிது. குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால், எதிர்பார்த்த பேறுநாளிலிருந்து கணக்கிட்ட வயதையும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்து எழுதுங்கள்.

இவற்றுள் பெரும்பாலோர் விட்டுவிடுவது 'அதற்கு முன் பெரியவர் சொன்னது' என்பதைத்தான். 'பந்து' என்று குழந்தை சொன்னது என்ற குறிப்பு மட்டும் இருந்தால், அது பந்தைப் பார்த்துத் தானாகச் சொன்னதா, நீங்கள் 'பந்து எங்கே?' என்று கேட்டதும் திருப்பிச் சொன்னதா என்பது தெரியாமல் போகும். முன்னது அறிவு, பின்னது எதிரொலியாகவும் இருக்கலாம். இதேபோல் உங்கள் ஊகத்தையும் கேட்டதையும் கலக்காதீர்கள். கேட்ட வடிவத்தை ஒரு பக்கத்திலும் அதன் பொருள் பற்றிய ஊகத்தை எதிர்ப் பக்கத்திலும் எழுதுவது நல்ல வழி. ஒரு மாதம் கழித்து அந்த ஊகம் தவறென்று தெரியவந்தாலும் கேட்டது கெடாமல் இருக்கும்.

தமிழ் எழுத்துகளில் எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. 'ப' என்ற ஒரே எழுத்தைப் 'படம்' என்பதிலும் 'கம்பி' என்பதிலும் எழுதுகிறோம், ஆனால் ஒலிகள் வேறு. குழந்தை தொண்டை அதிர்வோடு ஒலித்ததா, அதிர்வில்லாமல் ஒலித்ததா என்பதைக் காட்ட எழுத்தின் கீழே ஒரு கோடு இட்டுக்கொள்வது போன்ற எளிய குறியை நீங்களே வகுத்து, அதை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பேச்சு வடிவத்தை எழுத்து வழக்காக மாற்ற வேண்டாம்; 'வேணாம்' என்றால் 'வேணாம்'தான், 'ஏணாம்' என்றால் 'ஏணாம்'தான்.

எல்லாவற்றையும் எழுத முயல்பவர்கள் விரைவில் களைத்து நிறுத்திவிடுகிறார்கள். புதியது வந்தால் மட்டும் எழுதுங்கள்: புதிய ஒலி, புதிய சொல், பழைய சொல்லுக்குப் புதிய பொருள், புதிய விகுதி, புதிய வகைத் தொடர். இதனால் ஏற்படும் குறையை ஈடுசெய்ய, வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யலாம். விளையாட்டு நேரமோ குளிக்க வைக்கும் நேரமோ, எதுவாயினும் ஒவ்வொரு வாரமும் அதே வகை நேரமாக இருந்தால் ஒப்பிட முடியும். ஒலிப்பதிவில் அந்த இடத்தின் நிகழ்ச்சி தெரியாது என்பதால், முடிந்த உடனேயே இரண்டு வரிகளில் சூழலை எழுதிவிடுங்கள். இந்தப் பதிவுகளைச் சமூக ஊடகங்களில் இட வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். தன் சொற்களை ஊரறியப் பரப்பச் சம்மதம் தரும் வயது அந்தக் குழந்தைக்கு இன்னும் வரவில்லை.

பேச்சுக்கு முந்தைய மாதங்கள்

முதல் சொல் வரும்வரை எழுத ஒன்றுமில்லை என்று நினைப்பது தவறு. பிறந்த சில நாட்களுக்குள்ளேயே குழந்தை தன் தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலைவிட விரும்பிக் கேட்கிறது என்பதை 1980-இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். கருவறையிலேயே தாயின் பேச்சின் ஏற்ற இறக்கம் காதில் விழத் தொடங்கிவிடுகிறது. ஒரு மாதக் குழந்தைகள்கூட 'பா' என்பதன் அதிர்வுள்ள ஒலியையும் அதிர்வற்ற ஒலியையும் வேறுபடுத்துகின்றன என்பதைப் பீட்டர் ஐமாஸும் உடன் பணியாற்றியவர்களும் 1971-இல் கண்டறிந்தார்கள்.

இன்னும் வியப்பளிப்பது ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு. இந்தியில் உள்ள பல்லொலித் தகரத்துக்கும் நாவளை டகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை, ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் உணர்ந்தார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்த உணர்வு பெரிதும் மங்கிவிட்டது. தமிழ் கேட்டு வளரும் குழந்தைக்கு 'பத்து', 'பட்டு' என்ற வேறுபாடு நாள்தோறும் காதில் விழுகிறது. அது கேட்காத வீட்டில் அந்த வேறுபாட்டுக்கு வேலையில்லாததால் குழந்தையின் கவனம் வேறு ஒலிகளுக்குப் போகிறது. முதல் ஆண்டில் குழந்தை செய்யும் பெரும் பணி, தன்னைச் சூழ்ந்துள்ள மொழிக்கு எந்த வேறுபாடுகள் தேவை என்று தெரிந்துகொள்வதே. வெளியே பேச்சு வராத அந்த மாதங்களில் குழந்தையிடம் பேசுவது வீண் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை இந்தக் கட்டத்தில் இவைதாம். இரண்டாம் மாதத்தையொட்டி, அழுகையிலிருந்து வேறான, உயிரொலி மிகுந்த மென்மையான குரல்கள் வரத் தொடங்கும். யார் முகத்தைப் பார்த்து, எந்த நேரத்தில் வந்தன என்று எழுதுங்கள். ஆறு முதல் பத்து மாதத்துக்குள் 'பபபா', 'மமமா', 'ததா' என்று மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகள் அடுக்கடுக்காக வரும். எந்த மெய்யொலிகள் வருகின்றன என்பதைத் தேதியோடு குறியுங்கள். செவித்திறன் குறைந்த குழந்தைகளிடம் இந்த அசையடுக்கு தாமதமாகவே தோன்றும் என்பதால், பத்து மாதம் கடந்தும் அது கேட்கவில்லையென்றால் அதைத் தனியாகக் குறித்துக்கொண்டு செவித்திறன் சோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். சைகைமொழி பேசும் செவித்திறனற்ற பெற்றோரிடம் வளரும் செவித்திறனற்ற குழந்தைகள் இதே வயதில் கைகளால் மழலை பேசுகின்றன என்பதை லாரா பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும் 1991-இல் விவரித்தார்கள். மொழிக்கு வாயும் காதும் வழிகளே தவிர எல்லைகள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இந்தக் கட்டத்தில் புரிதலையும் கவனியுங்கள். ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகள் சில உணவுகளின் பெயர்களையும் உடலுறுப்புகளின் பெயர்களையும் அறிந்திருப்பதை எலிகா பெர்கெல்சனும் டேனியல் ஸ்விங்லியும் 2012-இல் கண்களின் போக்கை அளந்து காட்டினார்கள். வீட்டில் இதைச் சோதிக்க விரும்பினால், உங்கள் பார்வையாலோ கையாலோ குறிப்புத் தராமல் கேட்க வேண்டும். 'மூக்கு எங்கே?' என்று கேட்டுக்கொண்டே மூக்கைப் பார்த்தால், குழந்தை சொல்லைப் புரிந்துகொண்டதா, பார்வையைத் தொடர்ந்ததா என்று சொல்ல முடியாது. ஒன்பது மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் குழந்தை விரலால் சுட்டத் தொடங்கும். ஒரு பொருளை எடுத்துத் தரச் சொல்லிச் சுட்டுவதும், 'அதைப் பார்' என்று உங்களோடு பகிர்ந்துகொள்ளச் சுட்டுவதும் வேறு வேறு; இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். இரண்டாவது வகைச் சுட்டல் பேச்சின் வாசல்.

முதல் சொற்களை எண்ணுதல்

பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் சொற்கள் ஓராண்டையொட்டி வருகின்றன. எதைச் சொல்லென்று எண்ணுவது என்பதில் வீட்டுக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழும். நான் பரிந்துரைக்கும் வரையறை இது: ஏறத்தாழ ஒரே வடிவம், ஒரே வகைப் பொருள், பெரியவர் சொல்லிக்கொடுக்காமல் தானாகக் குறைந்தது மூன்று வெவ்வேறு சமயங்களில் வந்திருக்க வேண்டும். பெரியவர்களின் சொல்லைப் போல ஒலிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தண்ணீருக்குக் குழந்தை எப்போதும் 'ண்ணி' என்று சொன்னால் அது சொல்தான். நாய்க்கு 'லொள்' என்று சொன்னாலும் சொல்தான். டார்வினின் மகனின் 'மம்' இந்த வரையறைக்குள் முழுமையாகப் பொருந்தும்.

புரியும் சொற்களுக்கும் சொல்லும் சொற்களுக்கும் இரண்டு பட்டியல்கள் வைத்துக்கொள்ளுங்கள். முன்னது எப்போதும் பின்னதைவிடப் பல மாதங்கள் முந்திச் செல்லும். இரண்டாவது பட்டியல் மட்டும் இருந்தால் காரணமில்லாத கவலை பிறக்கும். ஒன்றரை வயதில் பத்துச் சொற்கள் சொல்லும் குழந்தையும் உண்டு, நூற்றுக்கு மேல் சொல்லும் குழந்தையும் உண்டு. எனவே அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதில் பயனில்லை. உங்கள் குழந்தையின் இந்த மாதத்தை அதே குழந்தையின் போன மாதத்தோடு ஒப்பிடுவதில்தான் செய்தி இருக்கிறது.

சொல்லின் எல்லையை எழுதுவது இந்தக் கட்டத்தின் சுவையான வேலை. நான்கு கால் விலங்குகள் எல்லாவற்றையும் 'நாய்' என்று குழந்தை அழைக்கலாம். மாறாக, வீட்டிலுள்ள ஒரே ஒரு செருப்பை மட்டும் 'செருப்பு' என்று அழைத்து மற்றவற்றுக்கு அந்தப் பெயரை மறுக்கலாம். முதலாவதில் இன்னொரு நுட்பம் உண்டு. குழந்தை பசுவைப் பார்த்து 'நாய்' என்று சொன்னால், அதற்கு வேறுபாடு தெரியவில்லை என்று உடனே முடிவு செய்யாதீர்கள். நாயின் படத்தையும் பசுவின் படத்தையும் அருகருகே வைத்து 'நாய் எது?' என்று கேளுங்கள். பல வேளைகளில் சரியான படத்தையே தொடும். சொல் கைவசம் இல்லாததால் இருப்பதில் நெருங்கிய சொல்லை எடுத்து ஆண்டிருக்கிறது, அவ்வளவே.

ஒலிப்பைப் பொறுத்தவரை, உதடுகளால் ஒலிக்கும் ப, ம போன்றவை முதலிலும், ர, ற, ழ போன்றவை பல குழந்தைகளுக்கு மிகத் தாமதமாகவும் வருகின்றன. 1960-இல் ஜீன் பெர்க்கோவும் ரோஜர் பிரவுனும் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவில் கொள்ளலாம். ஓர் ஆங்கிலக் குழந்தை தன் பொம்மை மீனின் பெயரைச் சொல்லும்போது இறுதியில் 'ஷ்' வர வேண்டிய இடத்தில் 'ஸ்' என்று ஒலித்தது. பெரியவர் அதே போல 'ஃபிஸ்' என்று திருப்பிச் சொன்னபோது குழந்தை அதை ஏற்க மறுத்தது, அவர் 'ஃபிஷ்' என்று சரியாகச் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டது. குழந்தையின் காது அதன் நாவை முந்திச் செல்கிறது. ஆகவே குழந்தையின் மழலையை அப்படியே திருப்பிப் பேசுவதால் அதற்கு எளிமை எதுவும் கிடைப்பதில்லை. உங்கள் வாயிலிருந்து திருத்தமான ஒலி வரட்டும்.

சொற்கள் சேரும்போது

ஏறத்தாழ ஐம்பது சொற்கள் சேர்ந்த பிறகு, ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில், சொற்கள் இணையத் தொடங்கும். 'அப்பா கார்' என்ற இரண்டு சொற்கள் அப்பாவினுடைய கார், அப்பா காரில் போகிறார், அப்பா காரைத் தர வேண்டும் என்ற மூன்று பொருள்களையும் வெவ்வேறு வேளைகளில் தாங்கக்கூடும். சூழல் குறிப்பு இல்லாவிட்டால் இந்த மூன்றும் ஒரே வரியாகக் குறிப்பேட்டில் கிடக்கும். குழந்தையின் சிந்தனையில் பாதி இழக்கப்பட்டுவிடும்.

இணைப்பு உண்மையானதா என்பதையும் பார்க்க வேண்டும். 'என்னது இது' என்பதைக் குழந்தை ஒரே துண்டாகக் கற்றிருக்கலாம். 'என்னது', 'இது' ஆகிய இரண்டும் வேறு வேறு தொடர்களிலும் தனித்தனியே வந்தால்தான் அது இரண்டு சொற்களின் சேர்க்கை. 'நான்', 'நீ' ஆகிய சொற்களையும் இந்த நோக்கில் கவனியுங்கள். 'உனக்கு வேணுமா?' என்று கேட்டே பழகிய குழந்தை, தனக்கு வேண்டும் என்பதற்கு 'உனக்கு வேணும்' என்று சிறிது காலம் சொல்லக்கூடும். பேசுபவர் மாறும்போது சொல்லின் சுட்டும் மாறுகிறது என்ற கடினமான விதியை அது இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

தமிழ் போன்ற, சொல்லோடு விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போகும் ஒட்டுநிலை மொழியில் விகுதிகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குவது நல்லது. தமிழ் பேசும் சிறு குழந்தைகளை ஆராய்ந்து பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லியனார்டும் 1989-இல் எழுதிய கட்டுரை, இரண்டு வயதையொட்டியே குழந்தைகள் பல விகுதிகளை அதிகப் பிழையின்றி ஆள்வதைக் காட்டியது. விகுதி ஒவ்வொன்றும் சொல்லின் இறுதியில் தெளிவாக ஒலிப்பதும், ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக அமைவதும் இதற்கு உதவுகின்றன. -கிட்ட, -க்கு, -ல, -ஓட போன்ற உருபுகள் முதலில் எந்தப் பெயரோடு வந்தன, பிறகு எந்தெந்தப் பெயர்களுக்குப் பரவின என்று எழுதுங்கள். ஒரே பெயரோடு மட்டும் வரும் உருபு மனப்பாடமாக இருக்கலாம். ஐந்தாறு பெயர்களுக்குப் பரவிவிட்டால் அது விதியாகிவிட்டது.

வளர்ச்சியை அளக்க விரும்புவோருக்கு, ரோஜர் பிரவுன் 1973-இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவிய முறை ஒன்று உண்டு. ஒலிப்பதிவிலிருந்து தொடர்ச்சியான நூறு கூற்றுகளை எழுதி, அவற்றிலுள்ள பொருள்தரும் உறுப்புகளை எண்ணி, நூறால் வகுத்தால் கூற்றின் சராசரி நீளம் கிடைக்கும். 'அம்மாகிட்ட' என்பதில் இரண்டு உறுப்புகள். தமிழ் வினைகளில் உறுப்புகளை எங்கே பிரிப்பது என்பதில் குழப்பம் வரக்கூடும். ஒரு முறையைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே பின்பற்றினால் போதும். வெவ்வேறு மொழிக் குழந்தைகளின் எண்களை ஒப்பிட இது உதவாது. பிரவுன் ஆராய்ந்த மூன்று குழந்தைகளும் வெவ்வேறு வேகத்தில் முன்னேறினார்கள், ஆனால் இலக்கண உறுப்புகளைப் பெற்ற வரிசை பெரிதும் ஒத்திருந்தது. வேகத்தைப் பார்த்துக் கலங்காமல் வரிசையைப் பார்த்து மகிழலாம் என்பதே அதிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ளக்கூடியது.

பிழைகளே சிறந்த பக்கங்கள்

'நின்னேன்' என்று சொல்லிக்கொண்டிருந்த குழந்தை ஒருநாள் 'நில்லினேன்' என்று சொன்னால் பெற்றோர் திகைக்கிறார்கள். 'ஓடினேன்', 'பேசினேன்' ஆகியவற்றிலிருந்து ஒரு விதியைத் தானே பிரித்தெடுத்து, அதை 'நில்' என்பதற்கும் பொருத்திப் பார்த்திருக்கிறது. யாரும் அந்த வடிவத்தை அதனிடம் சொன்னதில்லை. எனவே அது கேட்டதைத் திருப்பிச் சொல்லவில்லை, ஆக்கியிருக்கிறது. இத்தகைய பிழை பின்னடைவு போலத் தோன்றினாலும் முன்னேற்றத்தின் அடையாளம். குறிப்பேட்டில் இவற்றைச் சிவப்பு மையில் எழுதுங்கள் என்பேன்.

குழந்தை விதியை உண்மையில் அறிந்திருக்கிறதா என்று பார்க்க 1958-இல் ஜீன் பெர்க்கோ ஓர் அழகான வழியைக் கண்டுபிடித்தார். கற்பனை உயிரினம் ஒன்றின் படத்தைக் காட்டி அதற்கு இல்லாத பெயரொன்றைச் சூட்டி, பிறகு அதுபோன்ற இரண்டின் படத்தைக் காட்டித் தொடரை முடிக்கச் சொன்னார். நான்கு வயது முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகள் அந்தப் புதுச் சொல்லுக்குப் பன்மை விகுதி சேர்த்துச் சொன்னார்கள். பேச்சுத் தமிழில் எண்ணுப்பெயருக்குப் பின் பன்மை விகுதி கட்டாயமில்லை என்பதால், நம் வீடுகளில் உருபுகளை வைத்துச் செய்வதே பொருத்தம். ஒரு பெட்டியைக் காட்டி 'இதுக்குப் பேரு டிலம்' என்று சொல்லுங்கள். அதனுள் ஒரு காசைப் போட்டு 'காசு எங்கே இருக்கு?' என்று கேளுங்கள். 'டிலத்துல' என்று பதில் வந்தால், 'மரம்' 'மரத்துல' ஆவதன் பின்னுள்ள விதி குழந்தைக்குள் இயங்குகிறது என்று பொருள். 'டிலம்ல' என்று வந்தால், உருபு வந்துவிட்டது, பெயருக்கும் உருபுக்கும் இடையில் வரும் 'அத்து' என்ற சாரியை இன்னும் வரவில்லை. மூன்று வயதுக்குப் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை, வெவ்வேறு புனைபெயர்களோடு இதை விளையாட்டாகச் செய்யலாம். தேர்வு போலச் செய்தால் குழந்தை வாயைத் திறக்காது.

கேட்டபின் பதில் சொல்லும் விதம்

பெற்றோர் பெரும்பாலும் இலக்கணத்தைத் திருத்துவதில்லை, உண்மையைத்தான் திருத்துகிறார்கள் என்று பிரவுனும் காமில் ஹேன்லனும் 1970-இல் கண்டார்கள். அவ்வாறிருந்தும் குழந்தைகள் இலக்கணத்தைக் கற்றுவிடுகின்றன. 'நில்லினேன் இல்லை, நின்னேன், எங்கே சொல்லு' என்று நிறுத்தித் திருப்பிச் சொல்லவைப்பதால் உரையாடல்தான் அறுந்துபோகிறது. 'ஆமாம், நீ கதவுகிட்ட நின்னே, அப்புறம் என்ன ஆச்சு?' என்று பொருளுக்குப் பதில் சொல்லும்போது சரியான வடிவமும் காதில் விழுகிறது, பேச்சும் தொடர்கிறது. குழந்தை சொன்னதோடு ஒன்றிரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். 'கார் போச்சு' என்றால் 'ஆமாம், சிவப்புக் கார் வேகமா போச்சு' என்பது போதும்.

உடனே பதிலளிப்பதற்குத் தனி ஆற்றல் உண்டு. மைக்கேல் கோல்ட்ஸ்டீனும் ஜெனிஃபர் ஷ்வேடும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை ஒலியெழுப்பிய உடனேயே தாய் பதில் தந்தபோது அந்தப் பதிலின் ஒலியமைப்பை ஒன்பதரை மாதக் குழந்தைகள் தங்கள் மழலைக்குள் எடுத்துக்கொண்டன. அதே அளவு பதில், குழந்தையின் குரலோடு தொடர்பின்றி வந்தபோது அது நிகழவில்லை. பேச்சின் அளவைவிட அது வரும் நேரம் முக்கியம் என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். கேள்வி கேட்ட பிறகு சில விநாடிகள் பொறுத்திருங்கள். சிறு குழந்தைக்குச் சொல்லைத் தேடி எடுக்க நேரம் வேண்டும். பெரியவர்கள் அந்த இடைவெளியைத் தாங்கமுடியாமல் தாங்களே பதிலையும் சொல்லிவிடுகிறார்கள்.

திரையால் இதைச் செய்ய முடியாது. பாட்ரிசியா கூலும் உடன் பணியாற்றியவர்களும் 2003-இல், அமெரிக்காவில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீனத்தைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்கச் செய்தார்கள். நேரில் ஒருவர் பேசி விளையாடிய குழுவினர் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றார்கள். அதே பேச்சைக் காணொளியில் பார்த்த குழுவினர் கற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் திரையின் முன் அமர்ந்திருப்பதைப் பரிந்துரைக்கவில்லை. அதற்கு மேல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒருமணி நேரத்துக்கு மிகாமலும், அதற்கும் குறைவாக இருந்தால் நல்லதென்றும் சொல்கிறது. வேறு ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியோடு காணொளி அழைப்பில் பேசுவது இதற்கு விலக்கு என்பது என் கருத்து, ஏனெனில் அங்கே மறுமுனையில் பதில் சொல்லும் மனிதர் இருக்கிறார்.

வீட்டில் இரண்டு மொழிகள் வழங்கினால் சொற்பட்டியலில் மொழியைக் குறிக்கும் அடையாளம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டியே எண்ண வேண்டும். ஒரு மொழியை மட்டும் எண்ணினால் குழந்தை பின்தங்கியிருப்பதாகப் பொய்யான தோற்றம் எழும். இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் என்று சொல்லிப் பெற்றோரைத் தங்கள் மொழியைக் கைவிடச் சொல்பவர்களுக்குச் செவிசாய்க்க வேண்டாம். நீங்கள் தடையின்றி, அன்போடு, முழுமையாகப் பேசக்கூடிய மொழியில் பேசுங்கள்.

குறிப்பேட்டோடு மருத்துவரிடம் செல்லவேண்டிய நேரம்

பன்னிரண்டு மாதமாகியும் அசையடுக்கு மழலையோ சுட்டுதல், கையசைத்தல் போன்ற சைகைகளோ இல்லாமை, பதினாறு மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லாமை, இரண்டு வயதாகியும் தானாகச் சேர்த்த இரு சொல் தொடர் இல்லாமை ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரையும் பேச்சுப் பயிற்சி வல்லுநரையும் பாருங்கள். எந்த வயதிலாயினும் வந்த சொற்களும் பழகிய கண்தொடர்பும் மறைந்துபோனால் உடனடியாகச் செல்ல வேண்டும். 'தானாக வந்துவிடும், இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தாமதம்தான்' என்ற ஆறுதல் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்ப்பதால் எந்த இழப்பும் இல்லை, சோதிக்காமல் விட்டால் மாதங்கள் போய்விடும்.

செவித்திறனைப் பொறுத்தவரை மருத்துவர்கள் பின்பற்றும் இலக்கு மூன்று எண்களில் அடங்கும்: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குதல். பிறந்தபோது நடந்த சோதனையில் தேறியிருந்தாலும் பிறகு குறை தோன்றக்கூடும். அடிக்கடி காதில் நீர் கோத்து வரும் குழந்தைகளுக்கு இதை மறக்கக்கூடாது. மருத்துவரிடம் போகும்போது குறிப்பேட்டையும் இரண்டு ஒலிப்பதிவுகளையும் எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்தில் குழந்தை பேசாமலிருப்பது இயல்பு. வீட்டில் எந்த மாதத்தில் என்ன வந்தது, எது நின்றது என்ற தேதியிட்ட பதிவு அந்த அரைமணி நேரச் சந்திப்பைவிட அதிகம் சொல்லும்.

எப்போது நிறுத்துவது

மூன்று வயதுக்குப் பிறகு புதிய வடிவங்கள் எழுதி மாளாத வேகத்தில் வரும். அப்போது சொற்பட்டியலை நிறுத்திவிட்டு மூன்று வகைகளை மட்டும் தொடருங்கள்: 'ஏன்', 'எப்போ', 'எப்படி' ஆகிய கேள்விகள் முதலில் வந்த இடங்கள், 'ஆனா', 'அதனால', 'மழை வந்தா' போன்று இரு எண்ணங்களை இணைக்கும் தொடர்கள், தானாகச் செய்யும் விதிப் பிழைகள். இவற்றோடு மாதம் ஒருமுறை, குழந்தை தனக்கு நடந்த ஒன்றைச் சொல்லும்போது அதை முழுவதுமாக, இடையில் நீங்கள் கேட்ட கேள்விகளோடு, சொல் மாறாமல் எழுதுங்கள். மூன்று வயதில் அது உங்கள் கேள்விகளால் இழுத்துவரப்பட்ட நான்கு துண்டுகளாக இருக்கும். நான்கு, ஐந்து வயதில் உங்கள் கேள்விகள் குறைந்து, யார், எங்கே, அப்புறம் என்ன என்பதைக் கேட்பவருக்குத் தேவையான வரிசையில் குழந்தையே சொல்லும். உங்கள் கேள்வி ஒன்றுகூட இல்லாத கதை இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ந்து குறிப்பேட்டில் வந்துவிட்டால், அதன் கீழே தேதியிட்டு எழுதுவதை நிறுத்திக்கொள்ளலாம்.